ஜீப்புக்கு ஹெவி டியூட்டி ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் போடுவதற்கு முன்: மலையில் ஓட்டுபவர்களுக்கு

கோத்தகிரி பக்கம் எஸ்டேட் ரோட்டில் தேயிலைக் கொழுந்து மூட்டை ஏற்றி ஓடும் பழைய மஹிந்திரா டீசல் ஜீப் எங்களுடையது. இன்ஜின் விசையைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் குழாய்த் தண்டான பின் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, வெளியில் செய்து விற்கும் ஹெவி டியூட்டி ஷாஃப்ட் ஒன்றை மாட்டினோம். ஷாஃப்டும் ஃபிட்டிங் கூலியும் சேர்த்து 12,500 ரூபாயில் வேலை முடிய வேண்டியது. ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் ஷாஃப்டுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) சீல், பேரிங், லேத் வேலை, பேலன்ஸிங், புது கிராஸ் (ஷாஃப்ட் வளைந்து சுற்ற உதவும் சிலுவை வடிவ இணைப்பு), யூ போல்ட் என்று பில் 21,900 வரை போனது. வண்டி நின்ற காலத்தில் கொழுந்து ஏற்ற வாடகை பிக்கப் வைத்த 6,000 தனி. இதில் முக்கால்வாசி தவிர்த்திருக்கக்கூடிய செலவு என்பதுதான் எரிச்சல். விற்றவரும் சொல்லவில்லை, மாட்டியவரும் சொல்லவில்லை. அடுத்து மாட்டப்போகிறவருக்காவது உதவட்டும்.

முதலில், ஷாஃப்டை மாற்றவே வேண்டுமா என்று பாருங்கள். கிளட்ச் விடும்போது 'டக்', இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்னொரு 'டக்': இதுதான் ஆரம்ப அறிகுறி. சமவெளி வண்டியைவிட மலை வண்டிக்கு இது சீக்கிரம் வரும். ஏற்றத்தில் இன்ஜின் சக்கரத்தைத் தள்ளுகிறது. இறக்கத்தில் இரண்டாவது கியரில் விட்டால் சக்கரம் இன்ஜினைத் தள்ளுகிறது. ஒவ்வொரு வளைவிலும் சுமை ஸ்ப்ளைன் (ஷாஃப்டின் இரண்டு பாகம் ஒன்றுக்குள் ஒன்று கோத்து நகரும் நீளவாட்டுப் பல் வரிசை) பல்லின் ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்கு மாறி அடிக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர். அதற்குள் எத்தனை முறை மாறும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவு என்றால் கேட்கவே வேண்டாம்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைத்து, நியூட்ரலில் போட்டு, கீழே படுத்து ஷாஃப்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள். கிராஸின் கப்புக்கும் (முனையை மூடும் மூடி) யோக்குக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) நடுவில் துளி ஆட்டம்கூட இருக்கக் கூடாது. கப் ஓரத்தில் செங்கல் பொடி மாதிரி சிவப்புத் தூள் தெரிந்தால் உள்ளே நீடில் (ஊசி போன்ற பேரிங் உருளைகள்) காய்ந்து துருப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து, ஷாஃப்டின் நீளம் கூடிக் குறைய வழிவிடும் ஸ்லிப் யோக்கை மேலும் கீழும் அசையுங்கள். அங்கே ஆட்டம் என்றால் ஸ்ப்ளைன் தேய்ந்திருக்கிறது. பினியன் (பின் ஆக்ஸிலில் ஷாஃப்ட் மாட்டும் கியர்) பக்கம் ஷாஃப்ட் லேசாக முன்னும் பின்னும் சுற்றுவது கிரௌன் பினியன் இடைவெளி, அது இருக்கத்தான் செய்யும். ஆனால் பினியன் யோக்கே மேலும் கீழும் ஆடினால் பினியன் பேரிங் போய்விட்டது, ஷாஃப்ட் மாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை. எங்கள் வண்டியில் தேய்ந்திருந்தது ஸ்லிப் ஸ்ப்ளைனும் இரண்டு கிராஸும் மட்டுமே. ட்யூப் நன்றாகவே இருந்தது. ஸ்லிப் செட்டும் கிராஸும் மாற்றியிருந்தால் நாலாயிரத்துச் சொச்சத்தில் வேலை முடிந்திருக்கும்.

கடையில் ஹெவி டியூட்டி என்று விற்பது பெரும்பாலும் ட்யூபின் கனத்தைத்தான். சாதாரண ட்யூப் 2 மில்லிமீட்டர் கனம், இது 3 மில்லிமீட்டர் என்று கையில் தூக்கிக் கொடுப்பார்கள். எடையைப் பார்த்ததும் நமக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் ஜீப் ஷாஃப்டில் ட்யூப் முறுக்கி அறுவது அபூர்வம். பாறையில் இடித்தால் நெளியும், அவ்வளவுதான். போவது கிராஸும் ஸ்ப்ளைனும். அதே கிராஸைப் போட்டு ட்யூபை மட்டும் தடித்ததாக்கினால் பலம் கூடாது, எடைதான் கூடும். சுற்றும்போது வளையாமல் நிற்பதற்குக் கனத்தைவிட ட்யூபின் விட்டம்தான் முக்கியம். எனவே வாங்கும்போது கேட்க வேண்டியது கிராஸின் அளவு, ட்யூபின் வெளிவிட்டம், ஸ்லிப் எத்தனை மில்லிமீட்டர் ஓடும் என்ற மூன்றும். ஸ்பைசர் 1310 வகை கிராஸ் என்றால் கப் விட்டம் 27 மில்லிமீட்டர், ஒரு கப்பின் முனையிலிருந்து எதிர் கப்பின் முனைவரை 81.8 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 1330 என்றால் கப் அதே 27, நீளம் 92. வெர்னியர் எடுத்துப் போய் அளந்துவிடுங்கள். 'எல்லாம் ஒண்ணுதாங்க' என்று தருவதை அப்படியே வாங்கி வந்தால் வீட்டில் யோக்கில் உட்காராது.

கழற்றுவதற்கு முன் மலைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. பழைய ஜீப் வகைகள் சிலவற்றில் ஹேண்ட் பிரேக் டிரம் பின் சக்கரத்தில் இல்லை, ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் இருக்கும். பிரேக் பிடிப்பது ஷாஃப்டைத்தான். ஷாஃப்ட் வழியாகத்தான் சக்கரம் நிற்கிறது. பின் ஷாஃப்டை அவிழ்த்த நொடியில் ஹேண்ட் பிரேக்கும் போச்சு, கியரில் போட்டு நிறுத்துவதும் போச்சு. நம் ஊரில் வொர்க்‌ஷாப் வாசலே சரிவாகத்தான் இருக்கும். கடைசி போல்ட் கழன்றதும் வண்டி உங்கள் மேலேயே உருளும். ஆகவே கை வைப்பதற்கு முன்பே சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் மரக்கட்டை. கல் வேண்டாம், கல் நழுவும். ஓட்டும்போது ஷாஃப்ட் அறுந்தாலும் இதே கதைதான். ஏற்றத்தில் அறுந்தால் கால் பிரேக் ஒன்றுதான் மிச்சம். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே கூட இருப்பவரை இறக்கிக் கட்டை போடச் சொல்ல வேண்டும்.

அளவெடுப்பதில்தான் எங்கள் பணம் முக்கால்வாசி கரைந்தது. வண்டியின் பின்புறத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஃப்ளாஞ்சிலிருந்து (ஷாஃப்டை போல்ட் போட்டு மாட்டும் தட்டு) பினியன் வரை டேப் பிடித்தார்கள். ஆக்ஸில் தொங்கும்போது அந்தத் தூரம் கூடுதலாக இருக்கும். சக்கரம் தரையில் உட்கார்ந்து, மூட்டையும் ஏறினால் தூரம் குறையும். அந்த அளவுக்குச் செய்த ஷாஃப்ட் பாரம் ஏறியதும் ஸ்லிப்பின் அடிவரை போய் முட்டும். முட்டினால் ஷாஃப்ட் ஒரு கம்பி மாதிரி ட்ரான்ஸ்ஃபர் கேஸின் அவுட்புட்டை முன்னால் குத்துகிறது. எங்கள் வண்டியில் முதலில் அவுட்புட் சீலில் எண்ணெய் சொட்டியது. சீல் மட்டும் மாற்றினார்கள். பிறகு பேரிங் முனக ஆரம்பித்தது. இரண்டுக்கும் கூலி சேர்த்து 4,800. ஷாஃப்ட் நீளம் என்று யாரும் சொல்லவில்லை, 'பழைய வண்டிங்கண்ணா, சீல் போறது சகஜம்' என்றார்கள்.

சரியான முறை இதுதான். சக்கரம் தரையில் இருக்க, வண்டி வழக்கமான பாரத்தோடு நிற்கும்போது ஃப்ளாஞ்ச் முகத்திலிருந்து ஃப்ளாஞ்ச் முகம் வரை அளக்க வேண்டும். அந்த நிலையில் ஸ்லிப் இன்னும் 25 மில்லிமீட்டராவது உள்ளே போக இடம் இருக்க வேண்டும். ஆக்ஸில் முழுதாகத் தொங்கும்போதும் அளந்து, அப்போது ஸ்ப்ளைனில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் உள்ளே பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். மாட்டிய பிறகு சோதிக்க ஒரு சுலப வழி உண்டு. ஸ்லிப்பின் ஆண் பாகத்தில், சீலை ஒட்டி, பிளாஸ்டிக் கேபிள் டை ஒன்றை இறுக்கிக் கட்டிவிட்டு, மூட்டையோடு குண்டும் குழியுமான எஸ்டேட் பாதையில் மெதுவாக ஒரு சுற்றுப் போய் வாருங்கள். டை எதுவரை தள்ளப்பட்டிருக்கிறதோ அதுவரை ஸ்லிப் உள்ளே போயிருக்கிறது. கடைசிவரை போயிருந்தால் ஷாஃப்டைக் கழற்றி வெட்டியே ஆக வேண்டும்.

அடுத்தது அதிர்வு. கோத்தகிரிக்குள் முப்பதில் ஓட்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. மேட்டுப்பாளையம் தாண்டி காரமடை ரோட்டில் 50-ஐத் தொட்டதும் சீட்டுக்கு அடியில் ரீங்காரம். 65-இல் கண்ணாடி நடுங்கியது. விற்ற இடத்தில் கேட்டால், 'ஒண்ணும் ஆகாதுங்கண்ணா, நாலு நாள் ஓடுச்சுன்னா செட் ஆயிடும்.' ஷாஃப்ட் ஓடி ஓடி செட் ஆகும் சாமான் இல்லை. ஓட ஓட கிராஸைத்தான் தின்னும்.

அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சமமான நேர் ரோட்டில், அதிர்வு வரும் வேகத்தில் கிளட்சை மிதியுங்கள். (காட் ரோட்டில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.) இன்ஜின் வேகம் இறங்கியும் அதிர்வு அப்படியே இருந்தால் இன்ஜின் காரணம் இல்லை, ஷாஃப்ட் அல்லது சக்கரம். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ஒரு மாதிரி, விட்டால் வேறு மாதிரி என்று குணம் மாறினால் கோணத்தைச் சந்தேகியுங்கள். கொடுத்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி, வேகம் கூடக் கூட ஏறினால் பேலன்ஸ். உறுதி செய்ய, இரண்டு முனையும் ஃப்ளாஞ்ச் உள்ள வண்டியில் பின் ஷாஃப்டையே கழற்றி வைத்துவிட்டு, முன் ஹப்பைப் பூட்டி, ஃபோர் வீல் ஹையில் முன் சக்கரத்தால் மட்டும் சமவெளியில் ஓட்டிப் பார்க்கலாம். அதிர்வு மறைந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. இதற்கெல்லாம் முன்னால் ஒரு பக்கெட் தண்ணீர். மழைக்காலத்தில் எஸ்டேட் செம்மண் ட்யூபில் ஒரு பக்கமாக ஒட்டிக் காய்ந்தாலே ஷாஃப்ட் உதறும். கழுவிவிட்டுப் பாருங்கள், பாதி பேருக்கு அங்கேயே தீரும்.

எங்களுக்கு இருந்தது இரண்டும். முதலில் கோணம். கிராஸ் உள்ள இணைப்பு வளைந்து சுற்றும்போது ஒரே சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். முன் கிராஸ் உண்டாக்கும் அந்த ஏற்ற இறக்கத்தைப் பின் கிராஸ் சரிக்கட்ட வேண்டும். அதற்கு இரண்டு கிராஸின் கோணமும் சமமாக இருக்க வேண்டும், இரண்டு முனை யோக்கும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். பாரத்துக்காக ஸ்பிரிங்கில் பட்டை சேர்த்துப் பின்புறத்தை உயர்த்தியபோது, ஸ்பிரிங் வேலை செய்தவர் ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்பு வைத்துப் பினியன் மூக்கை மேலே தூக்கிவிட்டிருந்தார், 'ஷாஃப்டைப் பார்த்து நேரா நிக்கணும்' என்று. ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டை கிராஸ் உள்ள ஷாஃப்டுக்குத்தான் அந்த முறை. இரண்டு முனையிலும் ஒற்றைக் கிராஸ் உள்ள சாதாரண ஷாஃப்டுக்குப் பினியன் ஷாஃப்டைப் பார்க்கக் கூடாது. ட்ரான்ஸ்ஃபர் கேஸ் அவுட்புட்டுக்கு இணையாக நிற்க வேண்டும்.

போனில் உள்ள கோணமானியே போதும். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஃப்ளாஞ்ச் முகத்தில் ஒன்று, ட்யூபில் ஒன்று, பினியன் ஃப்ளாஞ்ச் முகத்தில் ஒன்று என்று மூன்று அளவு. ஃப்ளாஞ்ச் முகம் நெட்டுக்குத்தாக நிற்பது, அதனால் அதில் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். கோத்தகிரியில் சமதரைக்கு எங்கே போவது என்று கவலைப்பட வேண்டாம்; நமக்கு வேண்டியது வித்தியாசம் மட்டுமே, மூன்று அளவையும் எடுக்கும்வரை வண்டி நகராமல் இருந்தால் லேசான சரிவு கணக்கில் கழிந்துவிடும். எங்கள் வண்டியில் அவுட்புட் 3 டிகிரி, ஷாஃப்ட் 10, பினியன் 7. அதாவது முன் கிராஸ் 7 டிகிரி வளைந்து சுற்றுகிறது, பின் கிராஸ் 3 மட்டும். வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு. ஆப்பைக் கழற்றியதும் இரண்டும் ஏழுக்குப் பக்கத்தில் வந்தது. பட்டை ஸ்பிரிங் வண்டியில் பாரத்தோடு ஏறும்போது பட்டை முறுக்கிப் பினியன் மூக்கு மேலே எழும்பும். அதனால் நிற்கும்போது பினியன் ஒரு டிகிரி கீழே பார்த்தாலும் நல்லதுதான். ஆப்பை எடுக்கவோ வைக்கவோ செய்தால் பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள், இழுபட்டிருக்கும். ஆப்பு வைத்தே ஆக வேண்டும் என்றால் இரும்பில் வையுங்கள், அலுமினியம் பாரத்தில் நொறுங்கும்.

சமமாக இருந்தாலும் 7 டிகிரி கொஞ்சம் அதிகம்தான். வேகத்துக்கு ஏற்ப கிராஸ் தாங்கும் கோணம் குறையும்: ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும்போது ஏறக்குறைய 11 டிகிரி வரை போகலாம், 2,500-இல் 7, 3,500-இல் 5. சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர், கிரௌன் விகிதம் 5.38 என்றால் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 2,440 சுற்று. ஆக மலையில் நாற்பதுக்குள் ஓடும் வண்டிக்கு இது பிரச்சினை இல்லை. கோயம்புத்தூர் ரோட்டில் எண்பதில் விரட்டினால் எந்த ஷாஃப்ட் போட்டாலும் உறுமும். பட்டையை அளவுக்கு மீறி உயர்த்துகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவும்.

கோணம் சரியானதும் அதிர்வு பாதி குறைந்தது, மீதி பேலன்ஸ். மலையில் லேத் இருக்கிறது, பேலன்ஸிங் மெஷினுக்குக் கோயம்புத்தூர்தான் போக வேண்டும். ஷாஃப்டைக் கோணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டு போனோம், கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார். அங்கே லேத்தில் மாட்டி, ஆட்டத்தை அளக்கும் டயல் வைத்துச் சுற்றியதும் முள் ஒன்றரை மில்லிமீட்டர் ஆடியது. ட்யூப் ஆட்டம் 0.4 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். யோக்கை ஒரே வீச்சில் சுற்றி வெல்ட் வைத்ததில் ஒரு பக்கம் இழுத்துக் கோணியிருந்தது. வெல்டை வெட்டி, நீளத்தையும் அப்போதே குறைத்து, நான்கு இடத்தில் புள்ளி வைத்து, டயலில் பார்த்து, எதிரெதிராகத் துண்டு துண்டாக வெல்ட் வைத்தார்கள். வெட்டி ஒட்டுவதும் பேலன்ஸிங்கும் சேர்த்து 2,600. இந்த வேலையைக் கொடுக்கும்போது பழைய கிராஸோடு கொடுக்காதீர்கள். புது கிராஸ், ஃப்ளாஞ்ச் எல்லாம் மாட்டிய நிலையில் பேலன்ஸ் செய்யச் சொல்லுங்கள், அப்புறம் எதையும் இடம் மாற்றாதீர்கள். மெஷின் கிடைக்காதவர்கள் ட்யூபில் சாக்பீஸால் நான்கு கோடு போட்டு, ஹோஸ் கிளிப் ஒன்றின் திருகுத் தலையை ஒவ்வொரு கோட்டிலும் வைத்து ஓட்டிப் பார்த்து, எங்கே அதிர்வு குறைவோ அங்கே விடலாம். சின்ன உதறலுக்கு இது போதும், கோணிய வெல்டுக்குப் போதாது.

கிராஸ் மாற்றும்போது சுத்தியலால் அடித்து ஏற்ற விடாதீர்கள். வைஸில் வைத்து சாக்கெட் கொண்டு அழுத்த வேண்டும். ஒரு நீடில் சரிந்து கப்பின் அடியில் படுத்துவிட்டால் கப்பைப் பிடிக்கும் வளையமான சர்க்ளிப் பள்ளத்தில் உட்காராது. அப்போது இன்னும் ஓங்கி அடித்தால் கப் பிளக்கும். கழற்றி, கிரீஸ் தடவி நீடிலை நிமிர்த்தி வைத்து மறுபடி ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு கிராஸ் கைவிரல் பலத்தில் எல்லாப் பக்கமும் திரும்ப வேண்டும். இறுக்கமாக இருந்தால் யோக்கின் காதில் லேசாகத் தட்டினால் இளகும். கிரீஸ் நிப்பிள் கன் நுழையும் பக்கம் பார்த்து நிற்கிறதா என்று மாட்டும் முன்பே பாருங்கள். பினியனில் ஃப்ளாஞ்சுக்குப் பதில் யோக் உள்ள வண்டியில் கப்பைப் பிடிக்கும் சின்ன யூ போல்ட்டுக்கு 1310 வகையில் 20 நியூட்டன் மீட்டர் சுமார் போதும். ஸ்பேனரில் பைப் மாட்டித் தொங்கினால் கப் நசுங்கி நீடில் சிக்கும், புது கிராஸ் சீக்கிரமே போய்விடும்.

ஸ்லிப்பைப் பிரிக்கும் முன் இரண்டு பாகத்திலும் பஞ்சால் ஒரு புள்ளி குத்திவிடுங்கள். கம்பெனி ஷாஃப்டில் அம்புக்குறி இருக்கும், வெளியில் செய்ததில் பெரும்பாலும் இருக்காது. 16 பல் ஸ்ப்ளைன் என்றால் ஒரு பல் தவறினாலே யோக் 22.5 டிகிரி திரும்பிவிடும், செய்த கோண வேலை எல்லாம் வீண். கிரீஸ் போடுகிறேன் என்று பிரித்து மாட்டுகிற இடத்தில்தான் இது அதிகம் நடக்கிறது.

கிரீஸ் என்றால் லித்தியம் ஈபி 2 போதும். கிராஸின் நான்கு சீலிலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். ஒரு கப்பில் மட்டும் வரவில்லை என்றால் அந்தக் கப்தான் முதலில் காயும். ஷாஃப்டை அசைத்துக்கொண்டே மறுபடி அடியுங்கள். கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவத்திலும், குன்னூர் கோத்தகிரி பக்கம் ஐப்பசி கார்த்திகை மழையிலும் ஓடைத் தண்ணீரில் இறங்கி ஏறும் வண்டிக்கு மாதம் ஒரு முறை கிரீஸ் அடித்தால் தவறில்லை. மாட்டிய சில நாளில் ஃப்ளாஞ்ச் போல்ட்டையும் ஸ்பிரிங் யூ போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள், முதல் பாரத்தில் கொஞ்சம் இளகும்.

சட்ட விஷயம் ஒரு வரி. அதே வகை ஷாஃப்டைப் புதிதாகப் போடுவது உதிரிபாகம் மாற்றுவதுதான். ஆனால் ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சொல்கிறது. உயர்த்திய பட்டையோடு எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) போகிறவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளவும்.

பழைய ஷாஃப்டைக் கொடுத்தால் விலையில் ஆயிரம் குறைக்கிறேன் என்று கடையில் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். புதியது சரியாக உட்காராமல் போனால் நீளம் ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் சாட்சி. ஃப்ளாஞ்சின் போல்ட் துளை இடைவெளிக்கும் அதுதான் அளவு. கிராஸ் மட்டும் மாற்றி எண்ணெய் தடவி ஷெட்டில் வைத்தால், அடுத்த முறை வண்டி லேத்துக்காகக் காத்துக் கிடக்கும்போது அதை மாட்டி மூட்டை இறக்கலாம். வாடகை பிக்கப்புக்குக் கொடுத்த ஆறாயிரம் மிச்சம்.